மீட்டர்காரரும் முதல் ராங்க் நாயும்

வாசல் கேட்டின் தாழ்ப்பாளைத் தொடுவதற்கு முன்பு அவர் ஒரு கொட்டாவி விடுகிறார். வாயை நன்றாகத் திறந்து, கண்ணை மூடி, கழுத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி. உள்ளே நாய் இருந்தால் குரைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும். சில நாய்கள் பதில் கொட்டாவியும் விடும். அதன் பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும். "நான் சண்டைக்கு வரலன்னு அர்த்தம்," என்கிறார். "பேச்சுல சொன்னா மனுஷனுக்குப் புரியும். இதுங்களுக்கு இப்படித்தான் சொல்லணும்." ஒரு காலைப்பொழுதில் நாற்பது வீடு ஏறி இறங்குகிறவர். பாதி வீட்டிலாவது நாய் இருக்கும். "இவர் நெஜமாவே தூக்கம் வந்து கொட்டாவி விட்டாக்கூட எனக்கு நம்பிக்கை வர்றதில்ல," என்பது அவர் மனைவியின் புகார்.

மின்சார மீட்டர் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவது அவருடைய வேலை. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறார். சாம்பல் நிறச் சட்டை, தோளில் பட்டை போட்டுத் தொங்கும் கருவி, கழுத்தில் டார்ச், எட்டாத உயரத்தில் இருக்கும் மீட்டரைப் பார்க்கக் குச்சியில் கட்டிய வட்டக் கண்ணாடி. எங்கள் பகுதியில் அவருக்கு மீட்டர்காரர் என்பதுதான் பெயர். நாலு மணிக்குக் கருவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டால் அவர் நாய்களுக்கு வாத்தியார். அதற்கும் அதே சாம்பல் சட்டைதான், அதே நடைதான். கால்சட்டையின் இடது பையில் பட்டாணி அளவுக்கு உடைத்த பிஸ்கட். பையின் ஓரம் கிழிந்து கிழிந்து தைத்திருக்கும். ஆர்வக் கோளாறு உள்ள மாணவர்களின் வேலை.

எதையும் யூனிட்டில் சொல்வார். ஒருமுறை சொல்லி, நாய் செய்யும்வரை காத்திருந்து, செய்ததும் பிஸ்கட் கொடுத்தால் அது ஒரு யூனிட். "அந்த மாடி வீட்டு லாப்ரடார் 'இரு'ங்கறதுக்குப் பத்து யூனிட் இழுத்துச்சு." "மருந்துக்கடைக்காரர் பூடில் ஆறு யூனிட்தான், சிக்கனம்." நாயின் புத்தியைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் மறுப்பதில்லை, ஒத்துக்கொள்வதும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, "பார்க்கலாம், ரீடிங் எடுத்தாத் தெரியும்," என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதிய நாயை முதல் நாள் பன்மையில்தான் அழைப்பார். "வாங்க. உக்காருங்க. சரி, வேணாம், நில்லுங்க." மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒருமைக்கு இறங்குவார். ஏன் என்று கேட்டேன். "முன்ன பின்ன தெரியாதவங்களை நீ வா போன்னா யாருக்குப் பிடிக்கும், மேடம்?"

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் வலது கால்சட்டையைச் சுருட்டிக் காட்டுகிறார். மொத்தம் ஏழு கடி. அதில் இரண்டு ஒரே பொமரேனியன் கொடுத்தது. "ஜெர்மன் ஷெப்பர்ட் ஒரு தடவைகூடக் கடிச்சதில்ல. அது யோசிக்கும். இந்தச் சின்னது கடிச்சுட்டு அப்புறம் யோசிக்கும்." ஆறாவது கடிதான் அவரை மாற்றியது. ஆறு வருடமாக வாலாட்டி உள்ளே விட்ட ஒரு நாய், ஒரு மழைநாளில் பாய்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பார்கள். இவர் மறுநாள் கட்டோடு அந்த வீட்டுக்கே போய் நின்றார். நாய் வந்து கட்டை நக்கியது. அப்போதுதான் முந்தின நாள் தலையையும் சேர்த்து மூடிய மழைக்கோட்டு போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. கோட்டை எடுத்துவந்து நாய்க்கு முன்னாலேயே மெதுவாக மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "கோட்டை மோந்துச்சு, என்னை மோந்துச்சு, திரும்பக் கோட்டை மோந்துச்சு. ரெண்டும் ஒரே ஆளான்னு யோசிக்குது மேடம். யோசிக்கறது மூஞ்சியில அப்படியே தெரியுது. அன்னைக்கு நான் அடுத்த வீட்டுக்குப் போகவே இல்ல."

கால்நடை மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. நாய் இனங்களைப் புத்திசாலித்தனத்தின்படி வரிசைப்படுத்தியது. உச்சியில் ஆடு மேய்க்கப் பிறந்த பார்டர் கோலி, அடுத்து பூடில், ஜெர்மன் ஷெப்பர்ட். கீழே போகப் போக பீகிள், புல்டாக், பட்டுப்போல் முடி தொங்கும் ஆப்கன். இவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, தான் போகும் தெருக்களில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். தலையில் துண்டைப் போட்டு எத்தனை நொடியில் உதறுகிறது என்று பார்ப்பார். டம்ளரைக் கவிழ்த்து பிஸ்கட்டை ஒளிப்பார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பிஸ்கட்டை வைத்துவிட்டு, நாய் சுற்றிக்கொண்டு போகிறதா, முட்டிக்கொண்டு நிற்கிறதா, அல்லது திரும்பி மனிதனின் முகத்தைப் பார்க்கிறதா என்று கவனிப்பார்.

என் வீட்டு பீகிளோடு அவருக்கு அறிமுகம் ஆனதும் அப்படித்தான். மீட்டர் பார்க்க வந்தவர் முக்கால் மணி நேரம் போகவில்லை. 'வா' என்ற ஒரே ஒரு சொல்லை அதற்குக் கற்றுக்கொடுக்க ஒன்பது நாளில் எழுபத்தொரு யூனிட் செலவானது. நான் வெட்கப்பட்டேன். அவர் பூரித்துப்போயிருந்தார். "இது மக்கு இல்ல மேடம். நீங்க கூப்பிடறது கேக்குது, அர்த்தமும் புரியுது. ஆனா அந்த நேரம் செடிக்கடியில ஒரு வாசனை சுவாரசியமா ஏதோ சொல்லிட்டிருக்கு. பாதிப் பேச்சுல எழுந்து வர்றது மரியாதையான்னு பாக்குது." பட்டியல் போட்டவர்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "அவர் 'சொன்னா கேக்குமா'ன்னு ரீடிங் எடுத்திருக்கார். தப்பில்ல. ஆனா 'அதுக்கு என்ன தெரியும்'ங்கறது வேற மீட்டர்."

அவர் வீட்டில் இருப்பது புல்டாக். பட்டியலின் அடிவரிசையில் இருந்ததாலேயே கேட்டு வாங்கி வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிதான் அதைப் பற்றிச் சரியாகச் சொல்வார்: "உக்காருன்னு சொல்லிக்குடுக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. எப்பவும் உக்காந்துதான் இருக்கு. எந்திரின்னு சொல்லிக்குடுக்கத்தான் ஆள் தேவைப்படுது. அதை விட்டுட்டு ஊர் நாய்க்கெல்லாம் பாடம் எடுக்கறார். பழக்கதோஷத்துல என்னையும் ரெண்டு தடவை 'இரு'ன்னார். இருந்துட்டேன். பிஸ்கட் தரல."

இவரை நான் எழுத நினைத்தது எங்கள் தையல்கார அக்காவின் விஷயத்துக்குப் பிறகுதான். அந்த அக்காவுக்கு ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். தன் குரல் தனக்குக் கேட்காததால் கொஞ்சம் உரக்கப் பேசுவார். தனியாக இருக்கிறார், முன்னறையில் தையல் மெஷின். அழைப்பு மணியோடு ஒரு விளக்கை இணைத்திருந்தார்கள். ஆனால் மெஷினுக்கு மேலே பளீரென்ற விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து தைக்கிறவருக்கு அது எங்கே தெரியும்? வாடிக்கையாளர்கள் மணி அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருநாள் அடுப்பில் வைத்த கெட்டில் வற்றி, கைப்பிடி உருகி, புகை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தபோதும் அக்கா ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கினார்.

வெளியூரில் வேன் ஓட்டும் அக்காவின் அண்ணன் அன்றைக்கே வந்தார். "அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன். மெஷினை யாருக்காவது குடுத்துடு." கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். அவர் போனதும் அக்கா என்னிடம் சொன்னார்: "அண்ணி நல்லாத்தான் பார்த்துப்பாங்க. ஒரு மூலையில எனக்கு இடம் குடுப்பாங்க. அந்த மூலையில மெஷின் வைக்க முடியாதே."

நான் மீட்டர்காரரிடம் போய்ச் சொன்னேன். மணி அடித்தால் அக்காவுக்குச் சொல்லும்படி ஒரு நாயைப் பழக்க முடியுமா? அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். "எவ்வளவு நாள் இருக்கு?" முப்பது நாள். "அப்ப சீக்கிரம் கத்துக்கறதா வேணும். முதல் ராங்க்கைத்தான் கூப்பிடணும்."

முதல் ராங்க் ஒரு பல் டாக்டர் வீட்டில் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமான, இரண்டு வயதான பார்டர் கோலி. கால்நடை மருத்துவரின் அறைச் சுவரில் அதே பட்டியலைப் பார்த்துவிட்டு, உச்சியில் இருந்த இனம்தான் வேண்டும் என்று டாக்டர் தேடி வாங்கியது. வந்த ஆறே மாதத்தில் அது ஃபிரிட்ஜைத் திறக்கக் கற்றுக்கொண்டது. குழாயைத் திறந்தது, மூடவில்லை. டாக்டரின் மூன்று பிள்ளைகளையும் வளைத்து வளைத்து ஒரு மூலைக்கு ஓட்டிச்சென்று, யாராவது வந்து பொறுப்பேற்கும்வரை காவல் நின்றது. யாருக்காவது கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தார் டாக்டர். மீட்டர்காரர் அதைக் கூட்டிக்கொண்டு வரும்போது, "முதல் ராங்க் வாங்கின பிள்ளைய வேலைவெட்டி இல்லாம வீட்டுல உக்கார வச்சா வேற என்ன பண்ணும்?" என்றார். வந்த இடத்தை வைத்து அதற்கு 'டாக்டர்' என்றே பெயர் நிலைத்தது. அதை மட்டும் அவர் இன்றுவரை ஒருமையில் அழைத்ததில்லை.

அழைப்பு மணிக்கு நாலு யூனிட். கெட்டில் விசிலுக்கு ஆறு. ஜன்னலுக்கு வெளியே நின்று யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் அதற்குப் பதினொன்று. சத்தம் கேட்டதும் டாக்டர் வந்து மூக்கால் அக்காவின் முழங்காலை ஒருமுறை முட்டும், பிறகு சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப்போகும், அங்கே பிஸ்கட் கிடைக்கும். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நாயைவிட அக்காவுக்குத்தான் நேரம் எடுத்தது. தையல் மும்முரத்தில் முட்டும் மூக்கைத் தள்ளிவிட்டு, "சும்மா இரு, இந்த ஓரத்த முடிச்சுக்கறேன்," என்பார். "அதுக்கு நாலு யூனிட்டு. எனக்கு முப்பதாச்சு," என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில் நான் போனபோது அக்கா களைத்திருந்தார். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மணி அடித்துவிட்டு ஓடுகிறார்கள், எத்தனை தடவைதான் எழுந்து போவது என்றார். கதவைத் திறந்தால் ஒருவரும் இருப்பதில்லையாம். மீட்டர்காரர் அன்று மாலையே எதிர்ச்சாரியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாசலைக் கவனித்தார். ஒன்றரை மணி நேரம். மணி அடித்தவர்கள் மூன்று பேர். அக்கா கதவைத் திறந்தது பதினாலு தடவை.

என் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். முகம் வாடியிருந்தது. "பொய் ரீடிங் எடுக்குது, மேடம்."

புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கூட்டிப்போனால் பிஸ்கட் கிடைக்கும் என்பதைக் கற்றுக்கொண்ட நாய், மணி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது. அக்காவுக்குத்தான் காது கேட்காதே.

பூட்டிய வீட்டுக்கு மீட்டர் பார்க்க நாலு தடவை போகிறவர் அவர். மரத்தடியில் உட்கார்ந்து உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போகிற சக ஊழியர்கள் உண்டு. இவர் கண்ணால் பார்க்காத எண்ணை எழுத மாட்டார். அதனால் அலுவலகத்தில் பெயரும் உண்டு, கேலியும் உண்டு. அவர் பழக்கிய நாய் இப்படிச் செய்தது அவருக்குத் தலைகுனிவாக இருந்தது. டாக்டரைத் திருப்பி அழைத்துக்கொண்டு, நிதானமான ஒரு லாப்ரடாரைக் கொண்டுவந்து புதிதாக ஆரம்பிப்பது என்று முடிவெடுத்தார். அதற்கு இரண்டு மாதம் பிடிக்கும். அண்ணன் வருவதற்கு இருந்ததோ ஒன்பது நாள்.

மறுநாள் கயிறோடு போனவரை அக்கா உள்ளே விடவில்லை. நானும் கூட இருந்தேன்.

"பொய் சொல்லுதுன்னு எனக்கு நேத்தே தெரியும்," என்றார் அக்கா.

"தெரிஞ்சுமா எழுந்து போனீங்க?" மீட்டர்காரர் அவர் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி நிறுத்திக் கேட்டார்.

"நேத்து சாயங்காலம்தான் கண்டுபிடிச்சேன். நெஜமா மணி அடிச்சா அது கதவைப் பாத்துட்டு அப்புறம் என்னைத் தொடும். பொய்யா இருந்தா முதல்ல என்னைப் பாக்கும்."

மீட்டர்காரர் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெட்டுத்துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துகொண்டார். "காட்டுங்க," என்றார்.

இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே நின்று நினைத்தபோது மணி அடித்தேன், நினைத்தபோது அடிக்காமல் இருந்தேன். ஒவ்வொரு தடவை மூக்கு முட்டும்போதும் அக்கா நாயின் முகத்தைப் பார்த்து "நெஜம்" அல்லது "பொய்" என்றார். பன்னிரண்டில் பதினொன்று சரி. பத்தொன்பது வருடமும் ஏழு கடியும் கற்றுத்தராததை, உதடு பார்த்தே பிழைத்த ஒரு பெண் ஒரே மாலையில் படித்திருந்தார். மீட்டர்காரருக்கு அதில் சிறுமை தோன்றவில்லை. தீனியைப் பார்த்த பீகிள் மாதிரி உடம்பெல்லாம் விழிப்பாக இருந்தார். "நான் எதிர்ச்சாரியில உக்காந்து கதவைத்தான் எண்ணிட்டிருந்தேன்," என்றார். "மூஞ்சியப் பாக்கல."

"இது கெட்ட நாய் இல்ல," என்றார் அக்கா. "இதுக்குப் பொழுது போகல. நான் பாட்டுக்குத் தைச்சிட்டே இருக்கேன். இது எவ்வளவு நேரம் என் முதுகையே பாக்கும்?"

அதிலிருந்து பொய்க்கு பிஸ்கட் நின்றது. கூடவே டாக்டருக்கு வேலையும் கிடைத்தது. நூல்கண்டு கேட்டால் கொண்டுவர வேண்டும். நீலத்தையும் மஞ்சளையும் மூன்று யூனிட்டில் பிரித்துக் காட்டியது. சிவப்பும் பச்சையும் மட்டும் மாறி மாறி வந்தன. நாய்க் கண்ணுக்கு அந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று விளக்கினார் மீட்டர்காரர். அக்கா சிவப்பை ஜன்னல் பக்கக் கூடையிலும் பச்சையைக் கதவுப் பக்கக் கூடையிலும் போட்டார், பிரச்சினை தீர்ந்தது. பதினொன்றாக இருந்த பொய் ஐந்தானது, மூன்றானது. ஒன்றுமே இல்லை என்ற நிலைக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. மீட்டர்காரர் தினமும் வந்து எண்ணிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "வந்தவங்களை விடவே மாட்டேங்குது. வராதவங்களையும் சேத்துச் சொல்லுது," என்றார். "இருக்கட்டும்," என்றார் அக்கா. "நானும் அப்பப்ப எழுந்து நடக்கணும்ல."

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா அதே வீட்டில், அதே மெஷினில்தான் தைக்கிறார். நான் இப்போது போட்டிருக்கும் சட்டையும் அங்கே தைத்ததுதான். ஆனால் அண்ணன் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் மீட்டர்காரரைச் சொன்னதாக ஆகாது.

விடுமுறை நாளில், சாம்பல் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து வாசல் ஓரமாக நின்றிருந்தார். அண்ணன் பெரிய உடம்புக்காரர். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, நாயை நம்பாத கண்ணோடு பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தானே மணி அடித்தார். டாக்டர் கதவைப் பார்த்தது, அக்காவைத் தொட்டது, கூட்டிவந்தது. சமையலறையில் கெட்டிலை வைத்தார். விசில் முழுதாக எழும்புவதற்குள் அக்கா அங்கே நின்றிருந்தார். பின்பக்கமாகச் சுற்றிப்போய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, சின்ன வயதில் தங்கையைக் கூப்பிட்ட செல்லப் பெயரை மெதுவாகச் சொன்னார். அந்தப் பெயரை டாக்டர் கேட்டதே இல்லை. இருந்தாலும் வந்து அக்காவை முட்டியது. ஜன்னல் திரையை விலக்கிய தங்கையைப் பார்த்ததும் அண்ணன் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இது தப்பே பண்ணாதா?" உள்ளே வந்து மீட்டர்காரரிடம் கேட்டார்.

மீட்டர்காரர் யோசித்துப் பதில் சொன்னார். "வந்தவங்களைச் சொல்லாம விட்டது இதுவரைக்கும் ஒரு தடவைகூட இல்லைங்க."

"சரி," என்றார் அண்ணன். கெட்டிலில் கொதித்த தண்ணீர் தேநீராகி எல்லோருக்கும் வந்தது. "சரி. இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும். மெஷினையும் எங்க தூக்கிட்டுப் போறது."

அக்கா அதை அவர் உதட்டில் படித்தார். மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு துணியை எடுத்தார். நாங்கள் டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை, டாக்டர் எழுந்தது. அக்காவின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு மூக்கால் முழங்காலை முட்டியது.

மீட்டர்காரர் பார்த்தார், நான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நொடிகூடத் தயங்காமல் துணியை வைத்துவிட்டு எழுந்தார். நாய் முன்னே போக, பின்னாலேயே போய்க் கதவை விரியத் திறந்தார். வெளியே வெயில், எதிர்ச்சாரி பெஞ்ச், வெறும் தெரு.

"மணி அடிச்ச மாதிரியே தெரியலையே," என்றார் அண்ணன். "யாரு வந்தது?"

அவருக்கு முதுகைக் காட்டி நின்ற அக்காவுக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லை. நான் தேநீரைப் பார்த்தேன். வாசலை ஒட்டி நின்றவர் மீட்டர்காரர் ஒருவர்தான், தெரு முழுவதும் தெரிவது அவருக்குத்தான். அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார். டாக்டரும் பார்த்தது.

மீட்டர்காரர் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு படி இறங்கினார். ஆள் இல்லாத தெருமுனையைப் பார்த்து, திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் யாருக்கோ விடைகொடுப்பதுபோல, வலது கையை உயர்த்தி மெதுவாக அசைத்தார்.